தொழில்நுட்ப மாநாடும் கணினி அறைப் பொறுப்பாளரும்

விஞ்ஞான மாநாடுகளும் தொழில்நுட்பக் கருத்தரங்குகளும் நம் நாட்டில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. அவற்றை நடத்துவதற்குத் திருவனந்தபுரம் எல்லா வகையிலும் ஏற்ற நகரமே. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி, இந்நகரை அடுத்த தும்பா என்னும் மீனவர் கிராமத்திலிருந்து முதல் ஆராய்ச்சி ராக்கெட்டு விண்ணில் எழும்பியது. 1990இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தோன்றியது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா அதுவே. 2001ஆம் ஆண்டு ஜூலையில், அமெரிக்க நிரலறிஞர் ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில், இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இங்கேதான் தொடங்கப்பெற்றது. பின்னர் 2008, 2014, 2017 ஆகிய ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருள் பற்றிய சர்வதேச மாநாடுகள் இந்நகரில் கூடின. ஆகவே, மாநாடு கூடுவதில் யாதொரு குறையும் இல்லை. அம்மாநாட்டிற்கு நம் அலுவலகங்களிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் யார் அனுப்பப்படுகிறார், அவர் திரும்பி வந்தபின் என்ன நிகழ்கிறது என்பதே ஆராயத்தக்க விஷயம்.

பொதுவாக இவ்விஷயத்தைப் பேசினால் அது புலம்பலாக முடிந்துவிடும். ஆதலால் ஒரேயொரு தொழிலை மட்டும் எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். அது மெய்நிகர் மேசைக்கணினிகளைப் பராமரிக்கும் தொழில்.

இச்சொல்லைக் கேட்டு வாசகர்கள் மலைக்க வேண்டியதில்லை. ஒரு கணினி அறையில் நாற்பது இருக்கைகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இருக்கையிலும் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றோடு உள்ளங்கை அளவான ஒரு சிறு பெட்டி மட்டும் இருக்கும். கணக்கிடுவதும் கோப்புகளைச் சேமிப்பதும் அப்பெட்டியில் நடைபெறுவதில்லை; வேறோர் அறையில், சில வேளைகளில் வேறோர் ஊரில், இருக்கும் பெரிய சர்வர் கணினியில் நடைபெறுகின்றன. அந்தச் சர்வர் தன்னை நாற்பதாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு மாணவனுக்கும் தனிக் கணினி ஒன்று இருப்பது போலவே நடந்துகொள்கிறது. மாணவன் அழுத்தும் விசை வலைப்பின்னலின் வழியே சர்வருக்குப் போகிறது. மாறிய திரைப்படம் அதே வழியே திரும்பி வருகிறது. இத்தகைய கணினியைச் சிலர் "மாயக்கணினி" என்று எழுதுகின்றனர். எனக்கு அது உடன்பாடன்று. இல்லாததை இருப்பதாகக் காட்டுவது மாயை. இக்கணினியோ தன் பயனளவில் உண்மையாகவே இருக்கிறது. பெட்டியாக மட்டும் இல்லை. "மெய்நிகர்" என்னும் சொல் அதனைச் சரியாக உணர்த்துகிறது. மொழிபெயர்ப்பாளனுக்கு இவ்வளவு நல்ல சொல் எளிதில் வாய்ப்பதில்லை.

இக்கருத்து புதியதன்று. ஒரு பெருங்கணினியைப் பலர் ஒரே சமயத்தில் பங்கிட்டுக்கொள்ளும் முறையை அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1961இல் செய்து காட்டினர். அதே மாகாணத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வகத்தார் ஒரு படி மேலே சென்று, ஒவ்வொருவருக்கும் முழுக்கணினி ஒன்றையே கொடுத்தது போன்ற ஏற்பாட்டினை 1967இல் நடைமுறைக்குக் கொணர்ந்தனர். 1972இல் அது விற்பனைச் சரக்காயிற்று. பிறகு 1980களில் மேசைதோறும் தனிக்கணினி வந்தபோது பழைய முறை பின்னுக்குத் தள்ளப்பட்டது. சிறு கணினிகளின் சில்லுகளில் மெய்நிகராக்கத்துக்கு வேண்டிய வசதி 2005ஆம் ஆண்டு தொடங்கி அமைக்கப்பெற்ற பின்னர், பழைய கருத்து புத்துயிர் பெற்று மீண்டும் மேசைக்கு வந்தது.

இதனால் விளையும் நன்மைகளை மறுப்பதற்கில்லை. சிறு பெட்டிகள் பெரும்பாலும் பத்து இருபது வாட் மின்சாரத்தில் இயங்குகின்றன. பழுதான பெட்டியைக் கழற்றி வேறொன்றை மாட்டினால், மாணவன் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். மென்பொருளைப் புதுப்பிக்க நாற்பது இடங்களில் உழைக்க வேண்டாம். ஒரு மூலப்படிவத்தைத் திருத்தினால் போதும். தலைமையாசிரியரின் மேசைமேல் விற்பனையாளர் வைத்துச் செல்லும் அழகிய கையேட்டில் இவையெல்லாம் வண்ணப் படங்களோடு அச்சாகியிருக்கும்.

கையேட்டில் அச்சாகாதவை வேறு. காலை பத்து மணிக்கு மணி அடித்ததும் நாற்பது மாணவர்களும் ஒரே சமயத்தில் கணினியைத் திறக்கின்றனர். தனிக்கணினிகளாயின் அவரவர் வட்டு அவரவருக்கு உழைக்கும். மெய்நிகர் முறையிலோ நாற்பது கணினிகளின் துவக்க வேலையும் ஒரே சேமிப்பகத்தின்மேல் வந்து விழுகிறது. இத்தொழிலில் உள்ளோர் இதனைத் "துவக்கப் புயல்" என்பர். சுழலும் வட்டுகளைக் கொண்ட பழைய சேமிப்பகம் இப்புயலைத் தாங்காது. பாட வேளை நாற்பது நிமிடமாயின் அதில் கால்வாசி திரையைப் பார்த்துக் காத்திருப்பதிலேயே கழியக்கூடும். திண்மநிலை வட்டுகள் வந்தபின் தொல்லை பெரிதும் தணிந்தது. ஆயினும், சராசரிச் சுமையைக் கணக்கிட்டுச் சர்வரை வாங்கியவர்கள் பத்து மணிச் சுமையைக் கண்டு இன்றும் திகைக்கின்றனர். பள்ளிக்கூடத்தில் சராசரி என்பதே கிடையாது. எல்லோரும் சேர்ந்து வருவார்கள், எல்லோரும் சேர்ந்து போவார்கள். வங்கிக்கும் வணிக நிறுவனத்துக்கும் செய்த கணக்கு வகுப்பறைக்குப் பொருந்தாமைக்கு இதுவே காரணம்.

மற்றொன்று விசைப்பலகை. மாணவி விசையை அழுத்தும்போது அவள் முன்னுள்ள பெட்டி சர்வருக்கு எதை அனுப்புகிறது? விசையின் இட எண்ணையா, விசை குறிக்கும் எழுத்தையா? ஆங்கிலத்துக்கு இவ்வேற்றுமை பெரும்பாலும் புலப்படுவதில்லை. தமிழுக்கு உடனே புலப்படும். தமிழ்99 அமைப்பு பெட்டியில் இருந்து சர்வரில் இல்லாவிடினும், இரண்டிலும் இருந்து இரண்டும் ஒரே சமயத்தில் செயற்பட்டாலும், திரையில் வருவது தமிழாக இராது. இதனோடு தாமதமும் சேர்கிறது. விசையை அழுத்திய பின் எழுத்து தோன்றுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகுமானால் விரைந்து தட்டச்சு செய்வோர் அதனை உணர்வர். உயிர்மெய் ஒன்றுக்குப் பல வேளைகளில் இரண்டு விசை தேவைப்படும் தமிழில் அந்த உணர்ச்சி இரட்டிப்பாகிறது. இது சிறு விஷயமன்று. கேரளத்தில் தகவல் தொழில்நுட்பப் பாடநூல் மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் கன்னடத்திலும் வெளியிடப்படுகிறது. பாடநூலைத் தமிழில் கொடுத்துவிட்டு, கணினியில் தமிழ் எழுத இயலாமற் செய்வது எங்ஙனம் பொருந்தும்?

இப்போது மாநாட்டிற்கு வருவோம். இத்தகைய கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர் யார்? ஒவ்வொரு நாளும் காலை பத்து மணியைச் சந்திப்பவர்தாம்: சர்வர் அறைச் சாவியை வைத்திருப்பவர், கணினி அறைப் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர், வட்டார அலுவலகங்களில் இணைப்புக் கம்பியைச் சரிபார்த்துத் திரியும் களப்பணியாளர். ஆனால் மாநாட்டு அழைப்பு வரும்போது அது முதலில் எட்டுவது மேலதிகாரியின் மேசையை. முடிவு செய்யும் அதிகாரம் உள்ளவர் நேரிற் கண்டால்தான் முடிவு விரைவில் வரும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஒப்பமிடுபவருக்கு விஷயம் விளங்காமற் போனால் கீழே உள்ளவர் எவ்வளவு கற்று வந்தும் பயனில்லை. எனினும், ஒருவரையே அனுப்ப இடம் இருக்குமாயின் அவ்விடம் சாவி வைத்திருப்பவருக்கே உரியது என்பது என் துணிபு. மேலதிகாரி கேட்பது விலையும் வசதியும். அவற்றைச் சொல்வதற்கு விற்பனையாளர் அலுவலகத்திற்கே வருவார்; வேண்டாமென்றாலும் வருவார். பொறுப்பாளர் கேட்கவேண்டியவற்றைச் சொல்லக்கூடியவர் மற்றொரு பொறுப்பாளரே. அவ்விருவரும் சந்திக்கக்கூடிய இடம் மாநாடு ஒன்றுதான்.

இத்துறையின் பெரிய மாநாடுகள் பலவும் சரக்கை விற்கும் நிறுவனங்களால் நடத்தப்பெறுகின்றன என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். விஎம்வேர் நிறுவனம் 2004 முதல் நடத்திவந்த "விஎம்வேர்ல்டு" மாநாடு உலகப் புகழ் வாய்ந்தது. ஆயிரக்கணக்கான தொழிலர் கூடுவர். அங்குத் தொழில்நுட்ப உரைகள் தரமாகவே இருந்தன. ஆனால் விருந்துக்கு அழைத்தவர் வீட்டுச் சமையலைக் குறைகூற யாரும் எழுந்து நிற்பதில்லை. 2022இல் அம்மாநாட்டின் பெயர் மாறியது. 2023 நவம்பரில் நிறுவனமே பிராட்காம் என்னும் மற்றொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் செலுத்தி நிரந்தரமாக உரிமம் பெறும் வழக்கம் நிறுத்தப்பட்டு, தவணைச் சந்தா முறை மட்டுமே எஞ்சியது. மேசைக்கணினிப் பிரிவு 2024இல் தனியே விற்கப்பட்டு ஆம்னிசா என்ற புதுப்பெயர் பெற்றது. ஐந்தாண்டுத் திட்டமாக எண்ணி மெய்நிகர் மேசைகளை அமைத்த அலுவலகங்கள், நடுவழியில் கணக்கை மீண்டும் போடவேண்டி வந்தது. எந்த மாநாட்டுக் கண்காட்சி அரங்கிலும் இதற்கு எச்சரிக்கைப் பலகை வைக்கப்பட்டிருக்க நியாயமில்லை. ஆனால் "உங்கள் உரிமம் தீர்ந்தால் எங்கள் கோப்புகளை எவ்வடிவில் திருப்பித் தருவீர்கள்?" என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டு வந்திருந்த பொறுப்பாளர் ஒருவர் எந்த அலுவலகத்தில் இருந்தாரோ, அவ்வலுவலகம் மற்றவற்றைவிட நிம்மதியாக இருந்திருக்கும்.

திருவனந்தபுரத்தின் அனுபவம் இங்கே உதவுகிறது. 2001இல் தொடங்கிய "ஐ.டி. அட் ஸ்கூல்" திட்டம் சில ஆண்டுகளிற் கட்டற்ற மென்பொருளை ஏற்றுக்கொண்டது; 2017இல் "கைட்" என்னும் அரசு நிறுவனமாக மாறியது. பின்னர் 45,000 வகுப்பறைகளுக்கு உயர்தொழில்நுட்ப வசதி அளிக்கும் திட்டம் நிறைவேற்றப்பட்டபோது, நாற்பது மெய்நிகர் மேசைகளுக்கு ஒரு சர்வர் என்ற வழியை அவர்கள் மேற்கொள்ளவில்லை. வகுப்பறைக்கு ஒரு மடிக்கணினியும் ஒரு படவீழ்த்தியும் கொடுத்தனர். ஒன்று பழுதானால் ஒரு வகுப்பறைதான் நிற்கும். அப்படியாயின், ஒரே மூலப்படிவத்தால் வரும் நன்மையை இழந்தனரா? இல்லை. பள்ளிகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் இயங்குதளத்தைத் தாங்களே தொகுத்து, பாடத்துக்கு வேண்டிய மென்பொருள்களை அதிலேயே சேர்த்து வழங்கினர். மெய்நிகர் மேசையின் சிறந்த குணம் சர்வரில் இல்லை, ஒரே படிவத்தைப் பேணும் ஒழுங்கில் இருக்கிறது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. இத்திட்டத்தில் ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தவர்களும் ஆசிரியர்களே. வகுப்பறையிலிருந்து வந்து பயிற்றுநராகப் பணிபுரிந்தோர். வகுப்பறையை அறிந்தவரின் கை இம்முயற்சி முழுவதிலும் தெரிகிறது.

இதனால் மெய்நிகர் மேசை பள்ளிக்கு ஆகாது என்று நான் சொல்வதாகக் கொள்ளலாகாது. ஒரே கட்டடத்துக்குள், நல்ல கம்பி இணைப்போடு, தடையில்லா மின்கலத்தின் ஆதரவில், இரண்டு சர்வர்கள் ஒன்றுக்கொன்று துணையாக இருக்குமாயின் அது மிக நன்றாக நடக்கும். 1999இல் தொடங்கிய லினக்ஸ் முனையச் சர்வர் திட்டம், கழித்துப்போட வேண்டிய பழங்கணினிகளையும் முனையங்களாக்கிப் பயன்படுத்த வழி செய்தது. சென்னையில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, ராஜேஷ் ஜெயின் ஆகியோரின் முயற்சியில் உருவான நோவாட்டியம் நிறுவனம், மலிவான முனையங்களை மாதக் கட்டணத்தில் வீடுகளுக்கே கொண்டுசெல்ல முனைந்தது. மடிக்கணினியும் கைப்பேசியும் மலிந்த பிறகு அம்முயற்சிக்கு இடம் சுருங்கிற்று. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்பதை அந்த இடத்தில் இருப்பவர் அறிவார். அவர் அறியவேண்டிய மறுபாதி, தம்மைப் போன்ற பிறர் எவ்விடத்தில் எதைச் செய்து எப்படித் தோற்றனர் என்பது.

தோல்வியைப் பேசும் உரைகள் நம் மாநாடுகளில் மிகக் குறைவு. என் மேசைக்கு மொழிபெயர்ப்புக்காக வரும் சுருக்கவுரைகளில் பெரும்பாலானவை "வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது" என்றே முடிகின்றன; அத்தொடருக்கு நான் இப்போது அகராதி பார்ப்பதில்லை. திருவனந்தபுரத்துக்கு இது பெருமை தருவதன்று. விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் 1979 ஆகஸ்டு 10ஆம் தேதி கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாது ஆக்சிஜனேற்றி கசிந்தமையே காரணம் என்பது ஆராய்ந்து அறியப்பட்டது. 1980 ஜூலை 18ஆம் தேதி அதே வகை ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. ஏவுகலத்துக்குச் செய்த ஆராய்ச்சியைக் கணினி அறைக்குச் செய்யலாகாதா? "எங்கள் நாற்பது மேசைகளும் தேர்வன்று நின்றன, காரணம் இது" என்று ஓர் ஆசிரியர் மேடையேறிப் பத்து நிமிடம் பேசினால், அதனைக் கேட்கும் பத்து பள்ளிகள் தப்பிப் பிழைக்கும். இதற்கு மாநாட்டை நடத்துவோர் இடம் அளிக்க வேண்டும். அனுப்பும் அலுவலகமும், தோல்வியைச் சொன்னதற்காக விளக்கம் கேட்டு ஓலை அனுப்பாதிருக்க வேண்டும். இரண்டாவதே கடினமானது.

மாநாட்டினால் நிலையான பயன் விளையும் என்பதற்குத் தமிழிலேயே சான்றுண்டு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த "தமிழ்நெட் 99" மாநாட்டில் அறிஞரும் மென்பொருள் வல்லுநரும் அரசினரும் ஒருங்கே கூடி விவாதித்ததன் பயனாகவே, தமிழ்99 விசைப்பலகை தமிழக அரசின் அங்கீகாரம் பெற்றது. எழுத்துருக்கு ஒரு விசைப்பலகை என்றிருந்த குழப்பத்தினிடையே நிலையான ஒரு தரம் பிறந்தது. அம்மாநாட்டின் உரைகளை இன்று நினைவுகூர்வோர் சிலரே; விசைப்பலகையோ இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

செல்பவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் சிறிது கூறுவேன். தொடக்க விழாவிலும் தலைமையுரையிலும் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. அவை அச்சாகி வரும். பயிற்சிப் பட்டறைகளில் முன்வரிசையில் அமர்க. கண்காட்சி அரங்கில் காட்டப்படும் கணினி, பக்கத்திலேயே உள்ள சர்வரோடு குறுங்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அதன் வேகத்தைக் கண்டு மயங்காது, இணைப்பை வேண்டுமென்றே தாமதப்படுத்திக் காட்டும்படி கேட்க. தமிழ்99இல் ஒரு வரி தட்டச்சு செய்து பார்க்க அனுமதி கேட்க. தேநீர் வேளையில் பேராசிரியர்களைச் சூழ்ந்து நிற்பதைவிட, தம் பள்ளியின் அளவேயான மற்றொரு பள்ளியிலிருந்து வந்தவரைத் தேடிப்பிடிப்பது மேல். அவரிடம் முதலாண்டைப் பற்றிக் கேட்க வேண்டாம். மூன்றாம் ஆண்டைப் பற்றிக் கேட்க வேண்டும். உத்தரவாதக் காலம் தீர்ந்த பின் சேமிப்பக வட்டு பழுதானபோது மாற்று வட்டு எத்தனை நாளில் வந்தது என்று கேட்டால், வேறு பல செய்திகளும் தாமே வெளிவரும்.

திரும்பி வந்ததும் சுற்றுப்பயண அறிக்கை ஒன்று எழுதப்படுகிறது. பிரயாணப்படி பெறுவதற்கு அது தேவை. எந்த ரயிலில் ஏறினார், எங்குத் தங்கினார், யார் விளக்கேற்றினார் என்பவை அதில் ஒழுங்காக இருக்கும். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டுக் கோப்பில் உறங்குகிறது. என் வேண்டுகோள், அதனோடு இரண்டு பக்கம் தமிழில் வேறாக எழுதப்பட வேண்டும் என்பதே. கலைச்சொற்கள் கிடைக்கவில்லை என்ற சமாதானத்தை நான் ஏற்பதற்கில்லை. சர்வரைச் சர்வர் என்றே எழுதலாம். கண்டதையும் கேட்டதையும், எண்களையும், ஐயங்களையும் எழுதினால் சொற்களைச் செப்பனிடுவதற்கு எங்களைப் போன்றோர் இருக்கிறோம். அவ்விரண்டு பக்கங்கள் கோப்புக்குப் போகுமுன், அதே வட்டாரத்தின் கணினி அறைகளுக்குப் போகவேண்டும். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும், எல்லைக்கு இப்பால் களியக்காவிளையிலும் இருக்கும் ஆசிரியருக்கு மாநாடு என்பது அவ்விரண்டு பக்கங்களே.

காலமும் முக்கியம். கொள்முதற் பட்டியல்கள் பெரும்பாலும் நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் அவசர அவசரமாகத் தயாராகின்றன. மார்ச்சு 31ஆம் தேதிக்குள் பணத்தைச் செலவிட்டாக வேண்டும். டிசம்பரில் கூடும் மாநாட்டின் தமிழறிக்கை ஜனவரி நடுவில் வந்து சேர்ந்தால், பட்டியலில் "தமிழ்99 உள்ளீடு சோதித்துக் காட்டப்பட வேண்டும்" என்றும், "நாற்பது மேசைகளும் ஒரே சமயத்தில் திறக்கும் சோதனை பள்ளியிலேயே நடத்தப்பட வேண்டும்" என்றும் இரண்டு வரிகளைச் சேர்க்க அவகாசம் இருக்கும். ஏப்ரலில் வந்தால் பெட்டிகள் அதற்குள் வந்து இறங்கியிருக்கும்.